மங்கும்போது முதல்ல போறது புள்ளி

பொத்துவில்ல எங்கட கூட்டத்துல பெரும்பாலான ஆக்களுக்கு இருப்பது கைமாறி வந்த பழைய லெப்டொப்தான். 15.6 அங்குல ஸ்கிரீன், 1366×768 பிக்சல். விண்டோஸ் ஸ்லோவாகினதும் லினக்ஸ் போட்டோம். வேகம் வந்தது, கூடவே ஒரு வினோதமும் வந்தது. ஒரே தமிழ் வரி பிரவுசர்ல கறுப்பாகத் தெளிவா இருக்கும். ஃபைல் மெனேஜர்ல மெலிஞ்சு போகும். பிடிஎஃப்ல சாம்பல் பூசின மாதிரிக் கிடக்கும்.

இங்கிலீஷ்ல வாசிக்கிற ஆளுக்கு இது வெறும் அழகு விசயமாக இருக்கலாம். தமிழ்ல அப்படி இல்லை. 'பல்'லுக்கும் 'பல'வுக்கும் நடுவில் நிற்பது ஒரு புள்ளி மட்டும்தான். சின்ன எழுத்துல அதுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல். பிக்சல் எல்லையில் விழுந்தால் கரைஞ்சே போகும். 'மனம்', 'மணம்' இரண்டையும் பிரிப்பதும் ஒரு சுழிதான். கிழிஞ்சிடும் என்று அந்தக் காலத்துல ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள், வாசிக்கிறவர் ஊகித்துக்கொண்டார். சோதனைக்கு முந்தின ராத்திரி நாங்களும் அதையேதான் செய்றோம்.

ஏன் ஜன்னலுக்கு ஜன்னல் மாறுது? எழுத்தின் ஓரத்தைச் சாம்பல் நிறத்தால் மழுப்புவது ஒரு முறை. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கிற சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியாகப் பாவித்துக் கூர்மையாக்குவது இன்னொன்று: சப்பிக்சல் முறை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த கிளியர்டைப் இந்த வகைதான். லினக்ஸ்ல எதைப் பாவிக்கிறது என்று எல்லா மென்பொருளும் ஒரே இடத்துல கேட்பதில்லை. ஜிடிகேயில் எழுதினவை டெஸ்க்டொப் செட்டிங்கைப் பார்க்கும். கியூடியில் எழுதினவை பெரும்பாலும் ஃபொன்ட்கொன்ஃபிக்கைப் பார்க்கும். பிடிஎஃப் வாசிப்பான் பக்கத்தைப் படமாகத் தானே வரைஞ்சிடும்.

அதுக்கு மேல, 2018இல் அப்பிள் மொஹாவியில் சப்பிக்சல் முறையைக் கைவிட்டது. 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4இலும் அது இல்லை. நெருக்கமான பிக்சல் உள்ள ஸ்கிரீனுக்கு அது தேவையில்லைதான். உல்லைக்கு சர்ஃபிங் வாறவங்கட மெக்புக்ல புள்ளி புள்ளியாகவே தெரியும். எங்கட ஸ்கிரீன்ல ஒரு அங்குலத்துக்கு 100 பிக்சல் அளவுதான். எல்லாரிடமும் நல்ல ஸ்கிரீன் வந்தாச்சு என்ற கணக்குல எடுத்த முடிவில் நாங்கள் சேரவில்லை.

இப்போ நாங்கள் செய்வது இதுதான். டெஸ்க்டொப் செட்டிங்கில் சாம்பல் முறையையும் 'ஸ்லைட்' ஹின்டிங்கையும் தெரிவு செய்தோம். அதையே ஃபொன்ட்கொன்ஃபிக்கின் fonts.conf ஃபைலிலும் எழுதினோம். தமிழ் எழுத்தை ரெண்டு அளவு பெருசாக்கினோம். பிடிஎஃப் இன்னும் தன் வழியில்தான் போகுது. மற்ற ஜன்னல்கள் ஓரளவு ஒன்றாகிவிட்டன. ஆனா கூர்மையைக் கொடுத்துத்தான் இந்த ஒற்றுமையை வாங்கினோம். ஒரு பக்கத்துல முந்தி இருந்ததைவிட நாலைஞ்சு வரி குறையுது. புள்ளி தெரியுது. நோட்ஸ் வாசிக்க இப்போதைக்கு அது போதும். நியாயமா என்று கேட்டால், இல்லை.