ஆடியில் ஒரு லேப்டாப்

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் குளிர், அதன் பின்னால் வெளிச்சம், நிழல் விழ எங்கும் இடம் தராத வெள்ளை வெளிச்சம், அதற்கடியில் வரிசையாகத் திறந்து வைத்த லேப்டாப்புகள், எல்லாத் திரையிலும் ஒரே பனிமலை, ஒரே ஏரி. கூரையிலிருந்து 'பேக் டு காலேஜ்' அட்டைகள் தொங்கின, அவற்றோடு கைகோத்து ஆடித் தள்ளுபடித் தோரணமும் தொங்கியது. ஆடியில் புதுச்சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது என்று இருந்த ஊரில் அந்த மாதத்தையே வியாபார மாதமாக்கியவர்கள் ஜவுளிக்கடைக்காரர்கள், அவர்களைப் பார்த்துப் பாத்திரக்கடைக்காரர்கள், இப்போது இவர்கள். பொறியியல் கலந்தாய்வு நடந்து பிள்ளைகள் மூட்டை கட்டுவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் என்பதால் இவர்களுக்கு இரட்டை மகசூல்.

சட்டையில் பெயர் குத்திய பையன் ஒருவன் என்னை விட்டுவிட்டு மகளிடம் பேசத் தொடங்கினான், ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, பேக்லிட் கீபோர்டு, அவளும் அதே பாஷையில் பதில் சொன்னாள், நான் பர்ஸ் இருக்கும் பக்கமாக நின்றுகொண்டிருந்தேன். மாணவர் சலுகையில் எடுத்தால் பையும் மவுஸும் இலவசம், கல்லூரி அடையாள அட்டை காட்ட வேண்டும் என்றான். முதலாண்டுப் பிள்ளைக்கு அட்டை கையில் வருவதே கல்லூரி திறந்து சில வாரம் கழித்துத்தானே தம்பி என்றேன், அப்படியானால் சேர்க்கைக் கடிதம், பணம் கட்டின ரசீது, அதையும் மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றான். மாதத் தவணைக்கு வட்டியே கிடையாது என்றும் சொன்னான். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று உலகத்தில் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லியாயிற்று, அதற்குப் பிறகும் இந்தத் தவணை நடப்பது வட்டிக்குச் சமமான தொகையை முதலில் விலையில் கழித்துவிட்டுப் பிறகு அதையே வட்டியாக வசூலிக்கிற வழியில், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி நம் கணக்கில் வந்து விழும். தங்கம் வாங்கினால் 3 சதவீதம், படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் வாங்கினால் 18, என்ன கணக்கோ.

இதற்கு முன் வந்த எந்தக் குழந்தையோ விசைகளில் பிசுபிசுவென்று எதையோ ஒட்டிவிட்டுப் போயிருந்தது, பையன் ஒரு சின்னப் பாட்டிலைத் திறந்து துணியில் நனைத்துத் துடைத்தான், ஸ்பிரிட் வாசனை மேலே எழுந்தது, அவ்வளவுதான், எனக்கு எங்கள் ஊர்த் திருமங்கலத்தில் மாடிப்படி ஏறிப் போகிற அந்தத் தட்டச்சுப் பயிற்சிக்கூடம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஓட்டுக் கூரை, மேற்கே ஒரே ஒரு ஜன்னல், மாலை ஐந்து மணி வெயில் அதன் வழியாகச் சாய்ந்து இறங்கி ரெமிங்டன், ஹால்டா, ஃபாசிட் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும் மிஷின்களின் கம்பிகளில் பட்டுச் சிதறும். வாத்தியாருக்கு அப்போதே எழுபது இருக்கும், இடது கையில் மூக்குப்பொடி மட்டை, வலது கையில் மரஸ்கேல், ஒரு சிமிட்டா பொடி ஏற்றிக்கொண்டுதான் எதையும் சொல்வார், 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே' என்று அவர் இழுக்கும்போது அது ஏதோ சகஸ்ரநாமத்தில் ஒரு வரி என்றுதான் கீழ்க்கடை மளிகைக்காரர் நெடுநாள் நினைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் முக்கி ஒவ்வொரு எழுத்துக்கட்டையையும் அவரே துலக்குவார், அந்த வேலையை மட்டும் யாரிடமும் தரமாட்டார், ரிப்பன் மையும் மிஷின் எண்ணெயும் பொடியும் ஸ்பிரிட்டும் கலந்த அந்தக் காற்றில்தான் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் லோயர், ஹையர் தேர்வு முடித்துச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். அந்த ஃபாசிட் மிஷின் தயாரான தொழிற்சாலை சென்னைப் பெருங்குடியில் இருந்தது, இன்று அந்தப் பக்கம் முழுக்க மென்பொருள் அலுவலகங்கள். ரெமிங்டனிலிருந்து லேப்டாப் வரைக்கும் எல்லாம் மாறியும் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் வரிசை மட்டும் மாறவில்லை, என் மகள் அதை இரண்டு விரலால் அடிக்கிறாள், வாத்தியார் பார்த்திருந்தால் ஸ்கேல் பேசியிருக்கும்.

ஆனால் கல்லூரிக்குச் சாமான் வாங்குவது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது மதுரை, புதுமண்டபம். 1987, பொறியியல் முதலாண்டு, அப்பாவுக்கு அன்று டூட்டி, தாத்தாதான் கூட வந்தார். மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது, நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கும் தூண்களுக்கு இடையில் ஒரு பக்கம் தையல்காரர்கள், ஒரு பக்கம் பித்தளை, இன்னொரு பக்கம் புத்தகக்கடைகள், தலைவலி மாதிரி பிடித்துக்கொள்ளும் இருட்டு உள்ளே, தூண்களின் சந்து வழியாக மட்டும் நீளநீளமாக வெயில், அதில் பஞ்சுத் தூசியும் காகிதத் தூசியும் சேர்ந்து மிதக்கும். புதுத்துணிக் கஞ்சி வாசனையும் பழைய புத்தகத்தின் புளித்த வாசனையும் எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தாத்தா ஹார்வி மில்லில் நூல் பார்த்து ஓய்வு பெற்றவர், இயந்திரச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது, அதனால் ரகசியம் என்பதே அவரிடம் கிடையாது, விலை கேட்டால் கோபுரம் வரைக்கும் கேட்கும். எதைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டித்தான் பார்ப்பார், வெண்டைக்காயானாலும் வேட்டியானாலும். அன்று கணிதப் புத்தகத்தின் தாளை உருட்டிப் பார்த்தார், முகர்ந்தார், யாரோ முந்திய பையன் ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்த கணக்குகளைக் காட்டி, "இந்தப் பிள்ள படிச்சிருக்கான், இது நல்ல பொஸ்தகம்" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்தது மினி டிராஃப்டர். கடைக்காரர் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பலகையில் மாட்டி, கம்பிகளை விரித்து, இப்படியும் அப்படியும் ஓட்டிக் காட்டினார், தாத்தா அதன் மூட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார், திருகைத் தளர்த்தினார், இறுக்கினார், காதருகே வைத்து ஆட்டினார், பாதிக் காதில் என்ன கேட்டதோ, "மூட்டு லூசு" என்றார்.

"பெரியவரே, அது அப்பிடித்தான் இருக்கும், லூசா இருந்தாத்தான் ஓடும்."

"ஓடட்டும்ப்பா, ஓடுறதுக்கு ஓடுற வெல சொல்லு."

அரைமணி நேரம் போயிருக்கும், டிராஃப்டரில் தொடங்கிய பேச்சு கடைக்காரரின் மச்சினன் அதே மில்லில் இருந்தான் என்பதில் போய் நின்று, இறங்கிய விலை போதாதென்று ஒரு ரப்பரும் இரண்டு 2எச் பென்சிலும் சும்மா வந்தன. பச்சை பெல்ட்டைத் திறந்து, விரலை எச்சில் தொட்டு, நோட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக் கொடுத்தார், பிறகு தெருமுனையில் எனக்குப் பருத்திப்பால் வாங்கித் தந்து தானும் குடித்தார், ஓய்வு பெற்றும் பருத்தி அவரை விடவில்லை. நான் கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்த நாள் அது, வகுப்புத் தோழன் எவனும் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அந்தக் கடைகள் இப்போது மண்டபத்துக்குள் இல்லை, குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், மண்டபத்துக்கு நல்லதுதான், நாயக்கர்களுக்குக் கொஞ்சம் காற்று வரும்.

அதற்கப்புறம் 2000-இல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் அமெரிக்கா என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த சமயம், அக்கா மகனுக்காக மச்சான் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கினார், அக்காவின் வளையல் அடகுக்கடையில், பணம் மஞ்சள் பையில், பை அவர் பனியனுக்குள். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி நரசிங்கபுரம் தெரு, ரிச்சி ஸ்ட்ரீட், ரேடியோ உதிரிபாகத்துக்குப் பேர்போன சந்துகளில் கம்ப்யூட்டர் குடியேறியிருந்த காலம், ஈயப்பற்று உருகுகிற புகை, சாக்கடை, வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக், எங்கிருந்தோ சமோசா. பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு 'அசெம்பிள்டு செட்' என்று ஒன்று இருந்தது, ஒரு கடையில் மதர்போர்டு, ஒரு கடையில் ஹார்டு டிஸ்க், எதிர்க்கடையில் கேபினெட், கையால் எழுதிய சீட்டை ஏந்திக்கொண்டு சந்து சந்தாக விலை விசாரித்துக் கடைசியில் ஒரு பையன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டித் தருவான். 15 அங்குல மானிட்டர், அந்தக் குழாய் மானிட்டர்கள் 12, 13 கிலோ இருக்கும், அது அன்றிரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் மச்சானின் கீழ்ப்படுக்கையில் படுத்துக்கொண்டு போயிற்று, மச்சான் காலடியில் தரையில். ஊரில் அப்பத்தா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினாள், பழைய வாயில் புடவையில் அதற்கு உறை தைத்தாயிற்று, அந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது என்று சட்டம் வந்தது.

2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அந்தச் சடங்கெல்லாம் போயிற்று, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் கையில் அது நோட்டுப் புத்தகத்தோடு சேர்ந்து பைக்குள் போகிற சாமான் ஆனது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வளையலை அடகு வைக்காத அக்காக்கள் எத்தனை பேரோ.

பனிமலைக் கடையில் யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி மகளை வெளியே அழைத்துக்கொண்டு வந்தேன், சனிக்கிழமை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே நடந்தோம். ஈயப் புகை இல்லை, முக்கால்வாசி செல்போன் உறையும் கேமராவும்தான், தரையில் உட்கார்ந்து பூட்டுகிற பையன்களும் குறைவு, புது லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு சால்டர் செய்தே அனுப்பிவிடுகிறார்கள், பின்னால் கூட்டவும் வழியில்லை, பூட்ட என்ன இருக்கிறது. மாடியில் ஒரு கடையில் பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுத் தள்ளிய லேப்டாப்புகளைச் சுத்தம் செய்து அடுக்கியிருந்தார்கள். மகள் ஒன்றை எடுத்தாள், பேட்டரி எவ்வளவு மிச்சம், எஸ்எஸ்டி எத்தனை மணி ஓடியிருக்கிறது, ரேம் தனியாகக் கழற்ற வருமா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், பையன் முதுகைக் கழற்றியே காட்டினான். நான் திரையின் கீலைப் பிடித்துத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அதன் மூலையை உருட்டிக்கொண்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புதுமண்டபத்திலிருந்து திரும்பிய பஸ் நினைவுக்கு வந்தது. ஜன்னலோரம் தாத்தா, மடியில் டிராஃப்டர் பெட்டி, ஊர் நெருங்குகிற வரைக்கும் பேசாமல் வந்தவர் என் பக்கம் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில், "ஆமா, இது எதுக்குடா?" என்றார். நான் கூச்சத்தோடு ஏதோ சொன்னேன், அவரும் தலையாட்டினார், இரண்டு பேருக்கும் புரியவில்லை. அரைமணி நேரம் மூட்டு லூசு என்று சண்டை பிடித்தவருக்கு அது கோடு போடுகிற கருவி என்பதே தெரியாது, தெரியாமலேதான் அவ்வளவு விலை குறைத்து, அவ்வளவு தீர்ப்புச் சொல்லி, மச்சினன் வரைக்கும் விசாரித்து வாங்கித் தந்திருக்கிறார்.

"கீல் கொஞ்சம் லூசா இருக்கே தம்பி" என்றேன்.

"அப்பா" என்றாள் மகள்.

"பிசினஸ் மாடல் அங்கிள், மெட்டல் கீல், அது அப்படித்தான் ஸ்மூத்தா இருக்கும்."

பையனுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டேன், விழுப்புரம் பக்கம், அப்பா நெல் வியாபாரம், இந்த வருஷம் விலை எப்படி என்று கேட்டேன், ஆயிரம் ரூபாய் இறங்கியது, மவுஸும் வந்தது, பைக்கு மட்டும் அவன் மசியவில்லை, தனியாக 650 என்றான். எதிர்க்கடையில் அதே பை 600-க்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மகளை லேப்டாப்போடு அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போய் அதை 450-க்குக் கேட்டேன்.