கைகட்டி நின்று பார்ப்பவன்

கோவில்பட்டியில் எங்கள் தெருமுனை டீக்கடையின் கடைசி பெஞ்சில்தான் அவன் உட்காருவான். வயது இருபத்து நாலு இருக்கலாம். படித்தது பி.காம். கோடிங்குக்கென்று எந்த வகுப்புக்கும் போனதில்லை, யூடியூபில் தமிழில் நடத்தும் பாடங்களைத் திரும்பத் திரும்பப் போட்டே ஆப் எழுதும் கோட்லின் மொழியைக் கற்றுக்கொண்டான் என்று டீ மாஸ்டர் சொன்னார். செகண்ட் ஹேண்ட் லேப்டாப். போனைப் போலவே திரையில் இயங்கும் எமுலேட்டரை ஓட்டினால் அது திணறி நின்றுவிடும். அதனால் கண்ணாடி கீறிய தன் போனையே கேபிளில் மாட்டி, எழுதியதை அதில் ஓட்டிப் பார்க்கிறான்.

அவனிடம் நான் பேசியதில்லை. அவன் செய்த பால் கணக்கு ஆப்பை இறக்கி வைத்திருக்கிறேன். அதுவும் அவனுக்குத் தெரியாது.

ப்ளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர். பணத்தைக் கட்டிய பிறகுதான் பெரிய வேலை. 2023 நவம்பருக்குப் பின் தனிநபராகச் சேர்ந்தவர்கள், ஆப்பை வெளியிடும் முன் ஆட்களை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைந்தது. அவனுக்கு வாய்த்த 12 பேரில் டீ மாஸ்டர் உண்டு, மருந்துக்கடை அக்கா உண்டு, ஜெராக்ஸ் கடைக்காரரும் அவர் மைத்துனரும் உண்டு. "அக்கா, பதினாலு நாளைக்கு மட்டும் அழிச்சிராதீங்க" என்று தினமும் ஒரு நடை போய் வருவான்.

ஆனால் அவனை நான் கவனிக்கத் தொடங்கியது பால்காரரால்.

காலையில் கேனை இறக்கிவிட்டு அவர் டீ குடிக்க வருவார். "அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு எழுதுங்க. நான் சும்மா பாக்கேன்" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பான். அவர் கட்டைவிரலில் பால் ஈரம். அரை லிட்டர் என்று தொட்டால் ஒரு லிட்டர் விழுகிறது. மாலைக் கணக்கு காலையில் ஏறிவிடுகிறது. ஊருக்குப் போன வீட்டுக்கு 'வேண்டாம்' போடும் இடம் எங்கே என்று தேடுகிறார். 'இங்க அமுக்குங்க' என்று அவன் சொல்லவே இல்லை. அவர் தடுமாறுவதை முழுக்கப் பார்த்துவிட்டு, பெஞ்சில் வந்து குறித்துக்கொள்கிறான். அடுத்த பதிப்பில் பொத்தான்கள் பெரிதாகியிருக்கும், மாலைத் திரையின் நிறம் மாறியிருக்கும். முதலீடு, சந்தை என்று மேடைகளில் நிறையப் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு, இந்தப் பையன் வாயை மூடி நின்ற அந்த நிமிஷங்களில்தான் அவன் தொழில் தொடங்கியது.

ஆப்பில் போட்ட விளம்பரங்களின் வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் கூகுளிடமிருந்து தபாலில் வந்தது. கடையிலேயே பிரித்து எல்லோருக்கும் காட்டினான். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அது சேரும் முன்பே ஒருநாள் பால்காரர் 'சேமி'க்குப் பதில் கீழிருந்த விளம்பரத்தைத் தொட்டுவிட்டார். ஏதோ கடன் கொடுக்கிற பக்கம் திறந்தது. "தம்பி, எம் பணம் ஏதும் போயிருமாப்பா?" என்றபோது அவர் குரல் நடுங்கியது.

அந்த வாரமே விளம்பரங்களை முழுவதும் எடுத்துவிட்டான். அதைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? இப்போது வருடச் சந்தா 149 ரூபாய், அதில் 15 சதவீதம் கூகுளுக்கு. பால்காரரிடம் மட்டும் வாங்குவதில்லை.

ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறவர்களுக்கும் அவன் எழுதும் பதிலை நான் விடாமல் படிக்கிறேன். போன் தண்ணீரில் விழுந்து மாசக் கணக்கே போச்சு என்று ஒருவர் கொதித்திருந்தார். கணக்கெல்லாம் போனுக்குள்ளேயே இருந்த காலம் அது. 'மன்னிக்கணும் ஐயா, பத்து நாள் பொறுங்க' என்று பதில் போட்டு, கூகுள் டிரைவில் நகல் எடுக்கும் வசதியைச் சேர்த்தான். அதே மனிதர் நட்சத்திரத்தை நான்காக்கினார். ஒன்றைக் குறைத்தது ஏன் என்று அவர் எழுதவில்லை. அவன் அதையும் கேட்டிருக்கிறான்.

வருடந்தோறும் ஆகஸ்டு முடிவதற்குள் ஆப்பைப் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும், மாற்றாவிட்டால் புதுப் பதிப்பை ஏற்றமுடியாது. அந்த வேலை முடிந்த மறுநாளிலிருந்து காலையில் பெஞ்சு காலி. பூக்கடைகள் பக்கம் நிற்கிறானாம். முழம் போடும் பெண்கள் கடனை எப்படிக் குறித்து வைக்கிறார்கள் என்று பார்க்கிறானாம்.