பதிவேட்டில் உள்ள எண்கள்

அண்மையில் உம்ரா பயண ஏற்பாட்டாளர் ஒருவர் நம் மதரஸாவிற்கு வந்தார். பிள்ளைகள் குர்ஆன் வைத்து ஓத 50 ரிஹால்கள் வாங்கித் தருவதாகக் கூறினார். பதிலுக்குப் பெற்றோரின் கைப்பேசி எண்களை மட்டும் கேட்டார். நல்ல மனிதர்தாம். ரிஹால்களும் நமக்குத் தேவைதாம். ஆயினும் எண்களைத் தர இயலாது என்றோம்.

நிர்வாகிகளில் ஒருவர், "எண்தானே ஹஜ்ரத், உம்ராவுக்குத்தானே அழைப்பார்?" என்றார்.

சேர்க்கைப் பதிவேட்டில் எண் மட்டுமா இருக்கிறது? தந்தையை இழந்த பிள்ளை யார், எந்த வீட்டுப் பிள்ளையின் கட்டணம் ஜகாத்திலிருந்து செலுத்தப்படுகிறது, எந்தத் தாய் தனித்து வாழ்கிறார் என்பனவெல்லாம் அதே பக்கத்தில் உள்ளன. பிள்ளை ஓத வேண்டும் என்பதற்காகவே அவற்றை நம்மிடம் ஒப்படைத்தார்கள். ஒருவர் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொல்லும் பேச்சே அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்க, கையொப்பமிட்டுத் தந்ததை வேறென்னவென்று சொல்வது? அனுமதி பெற்று, ஸலாம் கூறாமல் பிறர் வீட்டினுள் நுழையலாகாது என்கிறது சூரா அந்நூர். கைப்பேசியும் இன்று வீட்டிற்கு ஒரு வாசல்தானே!

2023இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிரம்பாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. நோக்கம் நிறைவேறியபின் தகவலை அழிக்கச் சொல்கிறது.

ஏற்பாட்டாளரின் அறிவிப்பை வாசற்சுவரில் ஒட்டியிருக்கிறோம். விரும்புவோர் தாமே அழைக்கலாம். ஓதி முடித்துச் சென்ற பிள்ளைகளின் ஆதார் நகல்களையும் பெற்றோரிடமே திருப்பித் தந்து வருகிறோம். ரிஹால்கள் இன்னும் வரவில்லை.