தோர்கலைத் திரும்பக் கூப்பிடலாமா?



காமிக்ஸ் பைத்தியங்களுக்குள்ள தீராத சண்டை ஒண்ணு உண்டு. நல்லபடியா முடிஞ்சு, முற்றும் போட்டாச்சுங்கிற தொடருக்கு அடுத்த பாகம் வரலாமா, கூடாதா? நான் ரொம்ப வருஷமா "கூடவே கூடாது" கட்சி. அந்தக் கட்சியிலிருந்து பாதி விலகி வந்த கதைதான் இது.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். விஸ்வநத்தம். சிவகாசிக்கு சைக்கிள்ல போய்ட்டு வந்துடலாம். எங்கெங்கயோ இருக்குற தமிழ் வாசகர்கள் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்து வாங்கின முத்து காமிக்ஸும் (1972 முதல்) லயன் காமிக்ஸும் (1984 முதல்) வெளிவர்றது எங்க சிவகாசியிலிருந்துதான். திருப்பதிக்காரனுக்கு லட்டு மாதிரி, எங்களுக்கு அதோட அருமை அப்போ தெரியல :-)

பள்ளிக்கூடத்துல எனக்கு ஒரு கூட்டாளி. பேர் வேண்டாமே. ரெண்டு பேரும் காசு சேர்த்து ஒரு புத்தகம் வாங்குவோம். முதல் ராத்திரி அவனுக்கு, மறுநாள் எனக்கு. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், அப்புறம் இரத்தப்படலம். நினைவை இழந்த அந்தப் பதிமூன்றாம் நம்பர் ஆசாமியோட கதை துண்டு துண்டா, பெரிய பெரிய இடைவெளி விட்டு வரும். இடையில என்ன நடந்திருக்கும்னு நாங்களே ஒரு கதை கட்டிக்குவோம். அவன் கட்டுற கதை எப்பவும் என்னோடதை விட நல்லா இருக்கும்.

பத்தாம் வகுப்பு முடிக்கிற நேரம், அவன் ஐயா வேலை பார்த்த பயர் ஆபீஸ்ல விபத்து. மருந்து கலக்குற ரூம். உயிர் பிழைச்சுட்டார். ஆனா ரெண்டு கையும் மடக்க முடியாம போச்சு. மதுரையில மூணு மாசம் வச்சுப் பார்த்துக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் வர்றதுக்குள்ள இவன் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டான். ஐயா போன அதே பாதை, ஐயாவோட அதே தூக்குவாளி. எங்க பக்கம் இதெல்லாம் யாரும் ஆச்சரியமாப் பேசுற விஷயம் இல்ல. நான் பிளஸ் டூ, காலேஜ்னு போய்ட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். என் கட்சிக்கு பலமான சாட்சிகள் இருந்தாங்க. டின்டின் கதைகளைப் படைச்ச ஹெர்ஜே, தனக்குப் பிறகு யாரும் அதைத் தொடரக்கூடாதுன்னு சொல்லிட்டார். 1983-ல அவர் இறந்தார். அதுக்கப்புறம் வேற யாரும் தொடர்ந்து படைச்ச புது ஆல்பமே கிடையாது. யாருக்கும் குறைஞ்சு போயிடல, டின்டின் இன்னிக்கும் விக்குது. நம்ம கல்கி 1954-ல பொன்னியின் செல்வனை முடிச்சப்போ வாசகர்கள் விடாம கேள்வி கேட்டாங்க, அவனுக்கு என்னாச்சு, இவளுக்கு என்னாச்சுன்னு. அவரும் ஒரு முடிவுரை எழுதி பதில் சொன்னார். அதே வருஷம் டிசம்பர்ல அவரும் போய்ட்டார். பின்னால விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு தொடர்ச்சி எழுதினார். ஆனா வந்தியத்தேவன்னு சொன்னதும் நாம எந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்கறோம்? இரத்தப்படலத்தையே எடுத்துக்குங்க. ஜீன் வான் ஹாம்மே 1984-ல ஆரம்பிச்சு 2007-ல பத்தொன்பதாம் பாகத்தோட முடிச்சார். 2010-ல நம்ம தமிழ்ல குண்டு புத்தகமா வந்தப்போ கையில வச்சுத் தடவிப் பார்த்தவங்கள்ல நானும் ஒருத்தன். அடுத்த வருஷமே அங்க பிரெஞ்சுல புது கதாசிரியர், புது ஓவியர்னு இரண்டாம் சுற்று ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு எரிச்சலா வந்துச்சு.

தோர்கல் விஷயத்துல எரிச்சல் இல்ல, கோபம்.

தெரியாதவங்களுக்கு: தோர்கல், வைகிங் காலத்து மாயாஜாலத் தொடர். எழுதினது அதே வான் ஹாம்மே, வரைஞ்சது போலந்துக்காரர் ரோசின்ஸ்கி. 1977-ல ஆரம்பிச்சது. நட்சத்திரங்கள்ல இருந்து வந்த ஒரு குழந்தையை வைகிங்குகள் எடுத்து வளர்க்கறாங்க, அவன்தான் தோர்கல். வில் வீரன், தேவர்களோடயே மோதினவன். ஆனா அவன் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: பொண்டாட்டி ஆரிசியா, பிள்ளைங்களோட யார் தொல்லையும் இல்லாம ஒரு ஓரமா வாழணும். தேவர்கள் தன்னை மறந்துடட்டும்னு தன் பேரையே அழிச்சுக்கிட்டு, நினைவையும் தொலைச்சுட்டு நிப்பான் பாருங்க, அப்படி ஒரு தவிப்பு. 2006-ல வந்த 29-ஆவது ஆல்பம் 'தியாகம்'தான் வான் ஹாம்மே எழுதின கடைசி தோர்கல். அதுல தோர்கல் சாகக் கிடக்கறான். அப்பா பிழைக்கணும்னா மகன் ஜோலன், மந்தோர்ங்கிறவன்கிட்ட போயாகணும். பையன் ஒத்துக்கறான். அப்பா பிழைக்கிறார். மகன் கிளம்பிப் போறான்.

இங்க முற்றும் போட்டிருந்தா எவ்வளவு அழகுன்னு நான் நினைச்சேன். இருபத்தொன்பது புத்தகமா ஓய்வு கேட்ட மனுஷனுக்கு ஓய்வு கிடைச்சாச்சு. விடுங்கப்பா அவரை!

தமிழ்ல வர்ற வரைக்கும் பொறுமை இல்லாம நான் ஆங்கிலத்துல வாங்கிப் படிச்சிருந்தேன். கூட்டாளிக்கு ஆங்கிலம் ஓடாது. அதனால ஒரு தீபாவளி முடிஞ்ச வாரம் அவனுக்கு வாயாலயே கதை சொன்னேன். அப்போ எங்க பக்கம் பயர் ஆபீஸ் எல்லாம் மூடிக் கிடக்கும், அப்புறம் பூஜை போட்டுத்தான் அடுத்த வருஷத்து வேலை ஆரம்பிப்பாங்க. டீக்கடை பெஞ்ச்ல ஒரு மணி நேரம். 29 வரைக்கும் சொல்லிட்டு, "இதோட முடிச்சிருக்கணும் மாப்ள. இதுக்கு மேல எழுதினது எல்லாம் காசுக்கு"ன்னேன்.

அவன் டம்ளரை வச்சுட்டு, "அப்ப அந்தப் பய?"ன்னான்.

"எந்தப் பய?"

"அதான், ஜோலன். அப்பாவுக்காகப் போனான்ல. போனவனுக்கு என்னாச்சுன்னு யாரும் கேக்க வேண்டாமா? அப்பா பொழைச்சுட்டாரு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு, முற்றும்னு போட்டுட்டா, அவன் கணக்கை யாரு பார்க்கறது?"

கோபமா எல்லாம் சொல்லல. கதையைப் பத்தித்தான் பேசினான். எனக்குத்தான் டீ இறங்கல. அவன் ஐயா ஆஸ்பத்திரியில இருந்து நல்லபடியா வீட்டுக்கு வந்தாருன்னு எங்க தெருவே சந்தோஷப்பட்டுச்சு. அந்தக் கதைக்கு நாங்க எல்லாரும் அங்கயே முற்றும் போட்டுட்டோம். பள்ளிக்கூடத்தை விட்டவன் என்ன ஆனான்னு, அவன் கூட ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுப் படிச்ச நானே ஒரு தடவை கூட கேட்டதில்ல.

அன்னிக்கு ராத்திரி 30-ஆவது ஆல்பத்தைத் திரும்ப எடுத்தேன். பேரே 'நான், ஜோலன்'. 2007-ல வந்தது, எழுதினது ஈவ் சாந்த். முதல் தடவை படிச்சப்போ வான் ஹாம்மே மாதிரி இல்லையேன்னு குறை கண்டுபிடிக்கத்தான் படிச்சேன். இப்போ பார்த்தா, அந்தத் தலைப்பே கூட்டாளி கேட்ட கேள்விக்கு பதில் மாதிரி இருந்துச்சு. அப்பா நிழல்ல இருந்து விலகி ஒரு பையன் நடக்கறான். தப்பு பண்றான், அப்பா மாதிரியே இல்ல. அது எழுதப்பட வேண்டிய கதைதான்.

ஆனா என் கட்சியை முழுசா விட்டுடல. 2011-ல வந்த 33-ஆவது ஆல்பத்துல, கடத்தப்பட்ட இன்னொரு மகன் அனியேலைத் தேடி தோர்கல் மறுபடி கிளம்பிடறான். அட்டையில பேர் போட்டிருக்குற ஆளைத் திரும்பக் கொண்டு வந்தாத்தான் விக்கும் போல. பாவம் மனுஷன். அங்க என் கோபம் அப்படியேதான் இருக்கு. அடுத்த பாகம் வேணுமான்னு கேக்கறதை விட, அது யாரோட பாகம்னு கேக்கறதுதான் சரின்னு இப்போ படுது. போனவனைத் தேடி எழுதினா எழுதுங்க. ஓய்வு கேட்டவரை மட்டும் திரும்பக் கூப்பிடாதீங்க.

கூட்டாளி இப்போ ஒரு இடத்துல சூப்பர்வைசர். அவன் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். "அவன் இந்தப் பக்கமே வரக்கூடாது மாப்ள"ன்னு சொல்லிட்டே இருப்பான். போன வாரம் பார்த்தப்போ, ஜோலன் கதையை எங்க விட்டேன்னு கேட்டான். முப்பதை முடிச்சாச்சு, முப்பத்தொண்ணு பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை கதை சொல்லி முடிச்சுட்டு, அவன்கிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும்.

உங்க கட்சி எது நண்பர்களே?