எல்லோருக்கும் சரி சொன்ன வாட்ச்மேன்

அருப்புக்கோட்டையில் மாமா வேலை பார்க்கும் நூல் மில் ஆபீசிலிருந்து போன மெயில் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. விலைப்பட்டியல் கேட்ட வியாபாரிக்குக் கூடப் போய்ச் சேரவில்லை. "கம்ப்யூட்டர்தானே படிக்கிற, வந்து பாரு மாப்ள" என்றார்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1982-ல் ஜான் போஸ்டல் மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோது அதில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. யார் கொடுத்தாலும் சர்வர் வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடும். நம்மூர் ஊருணியில் யாரும் குடம் முக்குவது மாதிரி. 90-களில் ஸ்பாம் ஆட்கள் டேங்கர் லாரியோடு வந்துவிட்டார்கள்! 1998-ல் சென்ட்மெயில் 8.9 அந்த வழியை அடைத்தபடியே வெளிவந்தது. 1999-ல் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் 'ஆத்' முறை வந்தது.

கதவு போட்டால் போதுமா? க்யூமெயில் சர்வருக்கு ஓர் 'ஆத்' இணைப்பு இருந்தது. அதை இயக்கும் வரியில் வரிசையாக மூன்று: சர்வர் பெயர், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் புரோகிராம், 'ட்ரூ' என்ற குட்டி புரோகிராம். சர்வர் பெயரை எழுத மறந்தால் மற்ற இரண்டும் ஓரிடம் முன்னே நகரும். வாட்ச்மேன் நாற்காலியில் 'ட்ரூ' உட்கார்ந்துவிடும். அதற்குத் தெரிந்த ஒரே வேலை 'சரி' சொல்வது. எந்தக் கடவுச்சொல்லுக்கும் சரிதான்!

சரி, மில்லுக்கு வருவோம். முதலாளியிடம் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டேன். ஆபீசுக்குள் இருந்து சோதித்தால் நம்மாள் என்று சர்வர் நம்பிவிடும் என்பதால், வீட்டிலிருந்து 25-ம் போர்ட்டுக்கு டெல்நெட் போட்டேன். லாகின் இல்லாமல் வெளி முகவரிக்கு அனுப்பினால் 550 என்று மறுத்தது. நல்லது. பிறகு பயனர் பெயர் 'டெஸ்ட்', கடவுச்சொல்லும் 'டெஸ்ட்'. 235 என்றது. உள்ளே வா என்று அர்த்தம்.

சர்வர் அமைத்தவர் சோதனைக்கு உண்டாக்கி, நீக்க மறந்த கணக்கு. லாக் ஃபைலைத் திறந்தால் ராத்திரி முழுக்க அதன் வழியே யாரோ ஸ்பாம் அனுப்பியிருக்கிறார்கள். மில்லின் ஐ.பி. முகவரி தடைப்பட்டியலில் ஏறியது அப்படித்தான். கணக்கை நீக்கி, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி, தடையை எடுக்கச் சொல்லி எழுதினோம். சில நாளில் மெயில் போனது.

அன்று ராத்திரி வேறு சர்வர்களிலும் 'டெஸ்ட்' போட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது, உண்மையைச் சொல்கிறேன். போடவில்லை. உரிமையாளர் அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43 மற்றும் 66-ம் பிரிவுகளில் மாட்டும். அதைவிட, நம் வீட்டுப் பூட்டை நாம் ஆட்டிப் பார்க்கலாம். தெருவில் எல்லாப் பூட்டையும் ஆட்டுகிறவனுக்கு ஊரில் வேறு பெயர்.

உங்கள் ஆபீஸ் சர்வரில் 'டெஸ்ட்' என்று ஒரு கணக்கு இருக்கிறதா? நாளைக்குக் காலையில் கேட்டுப் பாருங்களேன்.