வெள்ளைக் கோட்டின் மேல் ஓட்டம்

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் பேட்வாட்டர் என்றொரு உப்புக் குட்டை இருக்கிறது. நில அளவைக்கு வந்த ஒருவரின் கோவேறு கழுதை அந்தத் தண்ணீரைத் தொட மறுத்துவிட்டதாம். பெயர் வந்த கதை இது. கடல்மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே கிடக்கும் அந்தத் தரையைவிடத் தாழ்ந்த நிலம் வட அமெரிக்காவில் இல்லை. அருகிலுள்ள மலைச் சுவரில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், 'கடல்மட்டம்' என்று ஒரு பலகை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில், அழைப்புப் பெற்ற சுமார் நூறு பேர் இங்கிருந்து ஓடத் தொடங்குகிறார்கள். தூரம் 217 கிலோமீட்டர். கெடு 48 மணி நேரம். சியரா நெவாடா மலையில் 2,530 மீட்டர் உயரத்திலுள்ள விட்னி போர்ட்டலில் ஓட்டம் முடிகிறது.

பாலைவன ஓட்டம் என்றதும் மணற்குன்றுகள்தான் மனதில் எழும். இது முழுக்கத் தார்ச்சாலை. பகலில் குடித்த வெயிலைத் தார் இரவில் கக்குகிறது. ஷூவின் அடிப்பாகம் இளகிவிடும் என்று ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே கால் வைத்து ஓடுகிறவர்கள் உண்டு. முன்பெல்லாம் காலையில் புறப்பட்டார்கள். 2014இல் தேசியப் பூங்கா நிர்வாகம் பந்தயத்தை உள்ளே விடவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்தபோது புறப்பாடு இரவுக்கு மாறியது. இரவு என்றால் குளிர் என்று எண்ண வேண்டாம். வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இறங்காத ஜூலை இரவுகள் அங்கே உண்டு.

28ஆவது கிலோமீட்டரில் ஃபர்னஸ் கிரீக். 1913 ஜூலை 10 அன்று இங்கே பதிவான 56.7 டிகிரிதான் உலகின் அதிகபட்சக் காற்று வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கிறது. அந்த அளவீட்டைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். 1849இல் தங்கம் தேடிப் போகும் வழியில் சிக்கித் தவித்தவர்கள்தாம் இந்த இடத்துக்கு மரணத்தின் பெயரைச் சூட்டினார்கள். டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கோ இது தலைமுறை தலைமுறையாக ஊர். கோடை வந்தால் மலைமேல் ஏறிவிடுவது அவர்கள் வழக்கம். ஓட்டக்காரர்களும் மலைக்குத்தான் போகிறார்கள். என்ன, கொஞ்சம் அவசரமாக.

68ஆவது கிலோமீட்டர், ஸ்டவ்பைப் வெல்ஸ். பலருக்கு வயிறு மக்கர் செய்வது இந்த வாக்கில்தான். வியர்வை கண்ணில் படுமுன்பே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்பது ஓடுபவருக்கே தெரியாது. பயந்துபோய் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மூளை வீங்கும். அது தாகத்தைவிட ஆபத்து. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓட, இரைப்பை வேலையை நிறுத்துகிறது. உள்ளே போனதெல்லாம் வெளியே வரும். டிரிப் ஏற்றிக்கொண்டால் பந்தயத்திலிருந்து நீக்கம்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வண்டியும் சில ஆட்களும் இருந்தாக வேண்டும் என்பது விதி. தொப்பிக்குள் ஐஸ், கழுத்துத் துண்டுக்குள் ஐஸ், குடிப்பதற்கு உப்பு நீர் என்று தூக்கமில்லாமல் பார்த்துக்கொள்பவர்கள் அவர்களே. மன உறுதி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஐஸ் பெட்டியை ஏனோ பார்ப்பதில்லை. 1977இல், இரண்டு முறை தோற்ற பிறகு, விட்னி சிகரம் வரை முதன்முதலில் ஓடி முடித்த அல் ஆர்னால்டுக்கும் உடன் ஆள் இருந்தது. 1999இல் துணையே இல்லாமல், தண்ணீர் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு கடந்த மார்ஷல் அல்ரிக் விதிவிலக்கு. தொல்லை வேண்டாம் என்று கால் நகங்களையே எடுத்துவிட்டவர் அவர். அவரை அளவுகோலாக வைக்கக் கூடாது.

ஸ்டவ்பைப் வெல்ஸிலிருந்து டவுன் கணவாய் வரை 27 கிலோமீட்டர், விடாத ஏற்றம். 1,500 மீட்டர் உயரத்தைத் தொட்டவுடன் சாலை பானமின்ட் பள்ளத்தாக்குக்குள் சரிகிறது. இறக்கம் இளைப்பாறல் அல்ல. தொடைத் தசை கிழிவதும் கால்விரல்கள் ஷூவில் மோதி நைவதும் அதில்தான். பிறகு மீண்டும் ஏற்றம். மெதுவாக வருகிறவர்களுக்கு இங்கே இரண்டாம் இரவு பிறக்கிறது. தூக்கம் கெட்ட மூளை சாலையோரப் புதர்களை ஆட்களாகக் காட்டுகிறது.

174ஆவது கிலோமீட்டரில் கீலர். இடப்பக்கம் வெளிறிக் கிடக்கும் பரப்பு ஒருகாலத்தில் ஓவன்ஸ் ஏரி. ஃபர்னஸ் கிரீக் கொதித்த அதே 1913இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்று நீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 1920களிலேயே ஏரி வற்றிவிட்டது. அதன் புழுதி பல பத்தாண்டுகள் சுற்றியுள்ள ஊர்களின் நுரையீரலில் படிந்தது. மரணம் என்ற பெயர் இந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

லோன் பைன் ஊரைத் தாண்டினால் மிச்சம் 20 கிலோமீட்டர். ஆனால் அதில் 1,400 மீட்டர் ஏற வேண்டும். வழியில் வரும் அலபாமா குன்றுகள் ஹாலிவுட்டின் பழைய படப்பிடிப்புத் தளம். 1939இல் வந்த 'கங்கா தின்' படத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லையாக நடித்தவை இந்தப் பாறைகள்தாம். 2019இல் ஜப்பானின் யோஷிஹிகோ இஷிகாவா மொத்தத் தூரத்தையும் 21 மணி 33 நிமிடத்தில் கடந்தார். 2002, 2003 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்களையும் முந்தி முதலாவதாக வந்தவர் பாம் ரீட் என்ற பெண். 2023இலும் முதலிடம் ஒரு பெண்ணுக்கு, ஆஷ்லி பால்சனுக்கு. மற்றவர்களில் பலர் இந்தக் கடைசி ஏற்றத்தை நடந்தே ஏறுகிறார்கள்.

பரிசுப் பணம் கிடையாது. கெடுவுக்குள் வந்தவருக்கு இடுப்பு வாரில் மாட்டும் ஒரு பக்கிள் கிடைக்கும். போர்ட்டலோடு தார்ச்சாலை முடிகிறது. 4,400 மீட்டரைத் தாண்டும் விட்னி சிகரத்துக்கு இன்னும் சுமார் 18 கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது. அதற்கு அனுமதிச் சீட்டு தனியாக வாங்க வேண்டும்.