நிறுத்தத் தெரிந்த கை

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலுக்கு வருவோர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பது அங்குள்ள கொடுங்கைகளைத்தான். மரக்கூரையின் சட்டங்களையும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளின் தலைகளையும் கருங்கல்லிலேயே செதுக்கியிருக்கின்றனர். வேலைக்கு உடன்படிக்கை எழுதும் சிற்பிகள், ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதிக்கொள்வார்கள் என ஒரு வழக்கு உண்டு. அவ்வளவு மெல்லிய கல்லில் சுத்தியல் ஒருமுறை மிகையாக விழுந்தாலும் பல நாள் உழைப்பு உதிர்ந்துபோகும். ஆனால், உளிக்கு ஒரு நற்குணம் உண்டு. கை ஓய்ந்தால் அதுவும் ஓயும். அதை நிறுத்தத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை.

மில்லிங் இயந்திரம் அப்படிப்பட்டதன்று. கடைசல் இயந்திரத்தில் பொருள் சுழல, கருவி அதைச் சீவுகிறது. மில்லிங் இயந்திரத்திலோ பல பற்களையுடைய வெட்டுக்கருவி சுழல்கிறது. அதைப் பற்றியிருக்கும் தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். அதைச் சுழற்றும் மோட்டார், தொழிலாளியின் கை விலகியதை அறியாது, நிறுத்தும்வரை சுழன்றுகொண்டேயிருக்கும். ஆகவே, இங்கே நிறுத்தத்தையும் மனிதன்தான் வடிவமைத்தாக வேண்டும்.

அந்த வடிவமைப்பில் முதலில் வருவது ரிலே. ஒரு சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு அசைந்து வேறொரு சுற்றின் தொடுமுனைகளை இணைக்கும். இரு சுற்றுகளுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது. அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1835 அளவில் இதன் தொடக்க வடிவத்தை அமைத்தார். நெடுவழியில் களைத்த குதிரையை விட்டுப் புதுக் குதிரை மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கத்திலிருந்து வந்த சொல் ரிலே. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் வந்து நின்ற திருப்பெருந்துறைதான் இந்த ஆவுடையார்கோவில் என்பதால், இவ்வூர் மாணவர்க்கு அச்சொல் மறக்காது.

கட்டளையிடும் நுண்கட்டுப்படுத்தி 5 வோல்ட்டில் இயங்குகிறது. அதன் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவே அச்சமின்றி எடுக்கலாம். 5 வோல்ட் ரிலேயின் சுருளோ ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் கேட்கும். எனவே, இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். சுருளில் மின்னோட்டம் நிற்கும் கணத்தில் அதன் காந்தப்புலம் சரிந்து, எதிர்த்திசையில் உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்பும். அதைத் தணிக்கச் சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் பொருத்துவர். சில காசு விலையுள்ள இந்த டயோடை விட்டுவிட்டுப் பின்னர் டிரான்சிஸ்டர்களை மாற்றிக்கொண்டேயிருப்பது வீண்வேலை.

இனி, மோட்டார். ரிலேயின் மேல் ‘10 ஆம்பியர்’ என்று பொறித்திருப்பதைக் கண்டு மோட்டாரை நேரே அதனுடன் இணைக்க எண்ணுவது இயல்பு. மோட்டாரோ புறப்படும்போது, ஓடும்போது வேண்டுவதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். தொடுமுனைகளில் தீப்பொறி எழும்; சில வேளைகளில் அவை உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் கட்டளை நின்ற பிறகும் மோட்டார் நிற்காது. விரல் போவது இங்கேதான். எனவே, 415 வோல்ட் மும்முனை மோட்டாரைச் சிறு ரிலே நேரடியாக இயக்குவதில்லை. அது காண்டாக்டர் என்னும் பெரிய மின்காந்தச் சாவியின் சுருளுக்கு ஆணையிடும்; காண்டாக்டர், மிகைச்சுமைக் காப்புடன் சேர்ந்து, மோட்டாரை இயக்கும். அரை வாட்டுக்கும் குறைந்த ஆற்றலில் பிறந்த ஆணை 1,500 வாட் மோட்டாரை எழுப்புவது அஞ்சலோட்டம் போன்ற இக்கைமாற்றத்தால்தான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள இடத்தில், ரிலே அக்கருவியின் கட்டளை முனைக்கு மட்டும் குறிப்புத் தரும்.

பொத்தான்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். பச்சைப் பொத்தான் அழுத்தினால் சுற்றை மூடுவது. சிவப்புப் பொத்தான் இயல்பாக மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது. இந்த வேறுபாட்டில் பெரும் முன்னறிவு உள்ளது. சிவப்புப் பொத்தானுக்குச் செல்லும் கம்பி எலி கடித்து அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். மாறாக அமைத்தால், கம்பி அறுந்தது ஆபத்து வேளையில்தான் தெரியவரும். காண்டாக்டர் தன் துணைத் தொடுமுனை வழியே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் இணைப்பும் இவ்வாறானதே. மின்சாரம் போனால் பிடி விடும். மீண்டும் வந்தாலும் யாரேனும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை ஸ்பிண்டில் அசையாது. மின்வெட்டு நேரத்தில் வெட்டுக்கருவியைக் கழற்றிக்கொண்டிருப்பவரின் கையைக் காப்பது இந்த இணைப்பே. அவசர நிறுத்தப் பொத்தானையும் கணினி நிரலை நம்பி விடாமல், காண்டாக்டர் சுருளின் வழியில் நேரே வைப்பர்.

இணைப்பு முடிந்ததும் அனுபவமுள்ள மின்பணியாளர் வெட்டுக்கருவியை உடனே மாட்டமாட்டார். வெறும் ஸ்பிண்டிலைச் சுழலவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். மீண்டும் ஓட்டி, முதன்மைச் சாவியை அணைத்துப் போடுவார். ஸ்பிண்டில் தானே எழுகிறதா என்று பார்ப்பார். மின்சாரத்தை முழுதும் நிறுத்தி நிறுத்தற்பொத்தானின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் மின்சாரம் தந்து பச்சைப் பொத்தானை அழுத்துவார். அப்போது மோட்டார் ஓடக்கூடாது. பின்னர் மின்சாரத்தை அணைத்து, கம்பியை மாட்டி, ஸ்பிண்டில் அடங்கி நின்ற பிறகே வெட்டுக்கருவியைக் கையில் எடுப்பார்.